எழுபத்தெட்டு கிலோ

மார்ச் 4, செவ்வாய்

அச்சகத்துப் பழைய காகித வெட்டு இயந்திரம். இரண்டே கால் டன். கைச்சங்கிலி இழுத்துத் தூக்குகிற மூன்று டன் செயின் பிளாக் ஒன்று, பெல்ட் நான்கு, ஆள் ஐந்து. ஒன்பது மணிக்குக் கொக்கி மாட்டி, பதினொன்றரைக்கெல்லாம் லாரியில் உட்கார வைத்தாயிற்று. தரையில் ஒரு கீறல் இல்லை. அச்சக முதலாளி கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "மேஸ்திரி, தூங்குற குழந்தையத் தொட்டில் மாத்துற மாதிரி மாத்திட்டீங்களே" என்றார். நான் வாய் திறப்பதற்குள் கட்டை முந்திக்கொண்டான். பத்தொன்பது வருடமாக என்னோடு இயந்திரம் தூக்குகிறவன். குட்டையாகத் தடித்திருப்பதால் அந்தப் பெயர். "முப்பத்தொரு வருஷத்துல எங்க மேஸ்திரி ஒரு சரக்கக்கூடக் கீழ விட்டதில்ல சார்" என்றான்.

நான் சங்கிலியைச் சுருட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

காலையில் வீட்டில் ஒரு சின்ன விஷயம். மனைவியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது கை வழுக்கிவிட்டது. கீழே உட்கார்ந்த மாதிரிதான் விழுந்தாள். ஒன்றும் ஆகவில்லை. பெல்ட் போட்டு மறுபடி கட்டிலில் ஏற்றி, போர்வையை மாற்றி, எட்டு மணிக்குள் எல்லாம் சரி செய்துவிட்டேன்.

ஒன்றும் ஆகவில்லை.

மார்ச் 6, வியாழன்

வேலை இல்லை. ஷெட்டில் சங்கிலிகளுக்கு எண்ணெய் போட்டோம்.

மாலை வீட்டுக்குத் திரும்பினால் வாயாடி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். இவளைப் பகலில் பார்த்துக்கொள்ள வருகிறவள். காலை எட்டு முதல் மாலை நாலு வரை அவள் வாய் ஓயாது என்பதால் நான் வைத்த பெயர் அது. தெருவில் யார் வீட்டில் யார் யாரோடு சண்டை என்பதெல்லாம் இவளுக்கு அவள் சொல்லித்தான் தெரியும். பக்கவாதம் வந்து ஏழு மாதத்தில் இவள் சிரித்த சிரிப்பெல்லாம் வாயாடியோடு சிரித்ததுதான்.

"அண்ணே, அக்காவுக்கு வலது மணிக்கட்டு வீங்கியிருக்கு. இடுப்புல வேற நீலம் பாரிச்சுக் கெடக்கு. என்னன்னு பாத்தீங்களா?"

"கட்டில் கம்பியில இடிச்சிருக்கும்."

"எந்தக் கம்பியில?"

"எனக்கென்ன தெரியும்? தூக்கத்துல இடிச்சிருப்பா."

வாயாடி ஒரு நிமிடம் பேசாமல் நின்றாள். அவள் பேசாமல் நின்று நான் பார்த்ததே இல்லை.

மார்ச் 8, சனி

மகள் வந்திருக்கிறாள். சொல்லாமல் வந்தாள், விடிந்ததும் கதவைத் தட்டினாள். இந்த மாதம் முழுக்க வரமுடியாது என்றிருந்தவள், திடீரென்று லீவு கிடைத்ததாம்.

அம்மாவுக்குச் சட்டை மாற்றப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். உடனே வண்டி வைத்து ஆஸ்பத்திரி. நானும் வாயாடியும் மகளும் மூன்று பேராக இவளைத் தூக்கிக் காரில் ஏற்றினோம். வாயாடிதான் இவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தாள்.

மணிக்கட்டில் எலும்பு முறிவு. அந்தப் பக்கம் உணர்ச்சி குறைவு என்பதால் வலி சரியாகத் தெரிந்திருக்காது என்றார் டாக்டர். "விழுந்த முறிவு இது. இடிச்சு வந்ததில்ல. நாலு நாளாவது ஆயிருக்கும்."

மகள் வராந்தாவில் என்னைக் கேட்டாள். "எப்பப்பா விழுந்தாங்க? யாரு இருந்தா கூட?"

இரண்டு கேள்வி. இரண்டுக்கும் எனக்குப் பதில் தெரியும்.

"நான் வேலைக்குப் போயிருந்தேன்மா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மீதியை அவளே சேர்த்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் நிற்க வைத்து வாயாடியைக் கேட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தாலும் பரவாயில்லை. "கீழ போட்டது தப்பில்ல, யாருக்கும் நடக்கலாம். மறைச்சீங்களே, அதான். நாலு நாளு உடைஞ்ச கையோட எங்கம்மாவப் படுக்க வெச்சிருக்கீங்க." வாயாடி, "நான் போடலம்மா" என்றாள். ஒரே தடவைதான் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

நான் எக்ஸ்ரே உறையை மடித்துக்கொண்டிருந்தேன். அதை மடிக்கவே கூடாது.

உள்ளே கட்டிலிலிருந்து இவள், "இல்ல. இல்ல. இல்ல" என்று கத்தினாள். மகள் ஓடிப்போய், "வலிக்குதாம்மா? இனிமே அந்தம்மா வர மாட்டாங்க, பயப்படாத" என்றாள்.

"இல்ல!"

ஏழு மாதமாக இவளிடம் மிச்சமிருப்பது இரண்டே சொல். 'இல்ல', 'போ'. இன்று அதில் ஒன்றைத் தொண்டை கிழியச் சொன்னாள். அது என்னவென்று அந்த வீட்டில் எனக்கு மட்டும் புரிந்தது.

மார்ச் 10, திங்கள்

மகள் நேற்று ஊருக்குப் போய்விட்டாள். போவதற்கு முன் வாயாடியை வேலைக்கு அனுப்பிவைத்த அம்மாவுக்கு போன் செய்து நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். அவர்தான் இந்தப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புகிறவர். "மத்த வீட்டுக்காரங்களுக்கும் தெரியணும்லப்பா" என்றாள் மகள். தலையாட்டினேன்.

ஆறு வாரம் லீவு கேட்டேன். எங்கள் கம்பெனி முதலாளி ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. "வீட்டப் பாருங்க மேஸ்திரி, இத்தன வருஷம் நீங்க லீவே எடுத்ததில்ல" என்றார். நல்லவர் என்ற பெயர் இருந்தால் எதை வேண்டுமானாலும் அதன் கீழே ஒளிக்கலாம் போலிருக்கிறது.

நாலாம் தேதிப் பக்கத்தை எடுத்துப் படித்தேன். கை வழுக்கிவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. அதையே இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். இந்த நோட்டை யார் எடுத்துப் படிக்கப் போகிறார்கள்? என்னை நானே ஏமாற்ற இவ்வளவு பாடா?

மார்ச் 12, புதன்

தூக்க முடியவில்லை.

காலையில் தோளுக்கடியில் கை கொடுத்தேன். இவள் விறைத்துக்கொண்டாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அடி விழப்போகிறது என்று எதிர்பார்க்கிற குழந்தை மூடிக்கொள்ளுமே, அந்த மாதிரி.

அப்படியே படுக்க வைத்துவிட்டேன். எல்லாம் கட்டிலிலேயே. நாற்றம் போக அறையைக் கழுவினேன்.

மார்ச் 13, வியாழன்

நேற்றைப் போலவே. நான் ஊட்டினால் வாயைத் திறக்கிறாள், மறுப்பதில்லை. ஆனால் சுவரைப் பார்த்தபடியே சாப்பிடுகிறாள்.

மார்ச் 15, சனி

ஷெட்டில் சின்ன இயந்திரங்களுக்கென்று ஒரு தூக்குச் சட்டம் கிடக்கிறது. இரண்டு பக்கமும் இரும்புக் கால், மேலே குறுக்கே ஒரு கர்டர், கர்டரில் ஓடுகிற உருளை. அதைக் கொண்டுவந்து கட்டிலின் இரு பக்கமும் நிறுத்தி, அரை டன் செயின் பிளாக்கை மாட்டினால்? கட்டிலிலிருந்து மேலே தூக்கி, அப்படியே பக்கவாட்டில் உருட்டி, நாற்காலியில் இறக்கலாம். கைச்சங்கிலியை மெல்ல இழுத்தால் போதும். கையை விட்டாலும் உள்ளே இருக்கிற பிரேக் பிடித்துக்கொள்ளும், சரக்கு அந்தரத்தில் அப்படியே நிற்கும். விட்டால் விழாத ஒன்று இந்த வீட்டுக்குத் தேவை.

கட்டையிடம் போனில் சொன்னேன்.

"மேஸ்திரி, கொக்கியில தொங்கிட்டு இறங்கினான்னு ஒருத்தன அன்னைக்கே வேலைய விட்டு அனுப்பினீங்களே. 'சங்கிலி சரக்குக்கு, ஆளுக்கில்ல'ன்னு எங்கள நாறடிச்சீங்க."

"ஞாபகம் இருக்கு."

"சரி. நாளைக்குக் கொண்டாரேன்."

மார்ச் 16, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

அன்று, நாலாம் தேதி, காலை ஏழே கால் மணி. இவள் படுக்கையை நனைத்துவிட்டாள். எட்டு மணிக்கு வாயாடி வந்திருப்பாள், இரண்டு பேராகத் தூக்கியிருக்கலாம். முக்கால் மணி நேரம். ஆனால் அவள் வந்தவுடன் நான் கிளம்ப வேண்டும், அச்சகத்துக்கு லாரி வந்துவிடும், அதற்குள் முடித்துவிடலாம் என்று அவசரம். அதுவும் பொய்யாக இருக்கலாம். நனைந்த படுக்கையோடு இவளை இன்னொருத்தி பார்ப்பது எனக்குக் கேவலமாக இருந்தது. இவளுக்கு இல்லை. எனக்கு.

தோளுக்கடியில் கை கொடுத்து எழுப்பினேன். எழுபத்தெட்டு கிலோ. பாதித் தூரத்தில் நல்ல காலையும் ஊன்ற மாட்டேன் என்கிறாள். தரை வழுக்கியதோ, பயமோ, தெரியாது. "ஊனு! ஊனுடி!" என்று கத்தினேன். "இரும்பாட்டம் கனக்கிறியே, கொஞ்சமாவது ஒத்தாசை பண்ண மாட்டியா? எனக்குன்னு வந்து வாச்சியே" என்றேன். இன்னும் என்னென்னவோ. இருபத்தெட்டு வருடத்தில் இவளை அப்படிப் பேசியதில்லை.

இவள் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. கூசிப்போய். என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

அந்தப் பார்வை தாங்கவில்லை.

கையை எடுத்துவிட்டேன்.

வழுக்கவில்லை. எடுத்தேன். எடுத்தது எனக்குத் தெரியும். கண் இமைக்கிற நேரம்தான், ஆனால் தெரிந்தே எடுத்தேன்.

பிறகு வேலைக்கு எடுத்துப்போகிற பெல்ட்டை இவள் அக்குளுக்கடியில் கொடுத்து, இயந்திரத்தை இழுக்கிற மாதிரி இழுத்துக் கட்டிலில் ஏற்றினேன். இவள் சத்தமே போடவில்லை.

இதை எழுதுவதற்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று.

மார்ச் 17, திங்கள்

சட்டம் நிறுத்தியாயிற்று. அறையில் நடக்க இடமில்லை. தூக்குத் துணி நான் தைத்தேன்: இரண்டு மடிப்பு கித்தான், அடியில் ஒரு டன் தாங்குகிற பெல்ட் இரண்டு. இவளுடைய தையல் இயந்திரத்தில்தான் தைத்தேன். இருபத்திரண்டு வருடம் இவள் வாசலில் உட்கார்ந்து தெருவுக்கே ரவிக்கை தைத்த இயந்திரம். எனக்கு ஊசியில் நூல் கோக்கவே கால் மணி நேரம் ஆயிற்று.

"மொதல்ல என்னத் தூக்குடா" என்றேன் கட்டையிடம்.

துணியில் படுத்தேன். டிக் டிக் டிக் என்று சங்கிலி ஏறியது. முப்பத்தொரு வருடமாகக் கேட்கிற சத்தம். கீழே படுத்துக்கொண்டு கேட்டால் அது வேறு. முதுகு கட்டிலைவிட்டுக் கிளம்பியது. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. கூரையையும் கொக்கியையும் தவிர எதுவும் தெரியவில்லை. உடம்பு தன்பாட்டுக்கு மெல்லத் திரும்புகிறது. அந்த நேரம் பார்த்துக் கட்டைக்கு போன் வந்தது. சங்கிலியை விட்டுவிட்டு வாசலுக்குப் போய்விட்டான். பிரேக் பிடித்துக்கொள்ளும் என்று அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த இரண்டு நிமிடம்!

தலையைத் திருப்பினால், நாற்காலியிலிருந்து இவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டையும் நானுமாகத் தூக்கி அவளை அங்கே உட்கார வைத்திருந்தோம். அந்தரத்தில் தொங்குகிறவனை அவள் கொஞ்சமும் சிரிக்காமல் பார்த்தாள்.

மதியம் இவளைத் தூக்கினோம். முதல் டிக் கேட்டதுமே "இல்ல!" என்று அலறினாள். இறக்கிவிட்டேன்.

மார்ச் 19, புதன்

இன்று மறுபடி. துணியைப் பக்கத்தில் வைத்ததும் இடது கையால் அதன் ஓரத்தைப் பிடித்தாள். விரலால் தையலைத் தடவிப் பார்த்தாள். நூல் இரண்டு இடத்தில் முடிச்சு விழுந்து கோணல்மாணலாகப் போயிருந்தது. உதட்டைப் பிதுக்கினாள். முன்பெல்லாம் வேறு தையல்காரர் தைத்த துணி கையில் கிடைத்தால் இதே மாதிரி பிதுக்குவாள். பிறகு அந்தக் கோணலை விரலால் இரண்டு தடவை தட்டினாள்.

பிரித்து மறுபடி தைத்தேன். கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்தாள். இன்னொரு இடத்தைத் தட்டினாள். அதையும் பிரித்தேன்.

மாலைக்குள் மூன்று தடவை. அதற்குப் பிறகுதான் படுக்கச் சம்மதித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். நான் அங்குலம் அங்குலமாக இழுத்தேன். டிக். டிக். நாற்காலியில் இறங்கும்போது சத்தமே இருக்காது, செயின் பிளாக் ஏறும்போதுதான் பேசும். உட்கார்ந்தாயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கண்ணைத் திறந்தாள்.

மார்ச் 22, சனி

கை கால் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை வருகிற பெண் வந்தாள். சட்டத்தைப் பார்த்து அரண்டுபோனாள். "இதெல்லாம் ஆளுக்குன்னு செஞ்சதில்ல சார். நோயாளியத் தூக்கறதுக்குன்னே தனி மிஷின் இருக்கு, தெரியுமா?" தெரியும் என்றேன். சங்கிலி, கொக்கி, பெல்ட் எல்லாவற்றையும் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். இடுப்பைச் சுற்றி இன்னொரு பெல்ட் போட்டு, கர்டரில் தனியாக மாட்டச் சொன்னாள். "ஒன்னு போனா இன்னொன்னு புடிக்கணும்." எங்கள் வேலையிலும் அதுதான் வழக்கம். இவள் விஷயத்தில் எனக்குத் தோன்றாமல் போயிற்று.

போகும்போது சொன்னாள்: "உங்க வீட்டுக்கு வந்துட்டிருந்த அம்மா இருக்காங்கல்ல, சாயங்காலம் போற வீட்லயும் நிறுத்திட்டாங்க. நான் அங்கயும் போறேன். ஆளக் கீழ போட்டு மறைச்சவங்கன்னு பேச்சாயிடுச்சு. இப்ப யாரும் கூப்பிடறதில்ல."

"அப்படியா" என்றேன்.

அப்படியா! வெட்கங்கெட்டவனே. அப்படியா என்கிறாய்.

மார்ச் 25, செவ்வாய்

போக வேண்டும்.

மார்ச் 27, வியாழன்

போகவில்லை. சட்டை போட்டுக்கொண்டு தெருமுனைவரை போய்த் திரும்பிவிட்டேன். ஏதோ மறந்துவிட்டு வந்தவன் மாதிரி பாக்கெட்டைத் தடவிக்கொண்டு. தெருவில் ஒருவரும் இல்லை. யாருக்கு அந்த நடிப்பு?

மார்ச் 30, ஞாயிறு

பக்கத்து வீட்டுப் பெண்ணை இவளோடு உட்கார வைத்துவிட்டுப் போனேன்.

வாயாடி வீடு, மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். துவைப்பதை நிறுத்தவில்லை.

"நான்தான் போட்டேன்" என்றேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"அன்னைக்கு எட்டு மணிக்கு நான் வந்தப்போ போர்வை மாத்தியிருந்துச்சு. ஏழு மாசத்துல நீங்க ஒருநாளாவது போர்வை மாத்தியிருக்கீங்களா? அதுவும் தலகீழா விரிச்சிருந்தீங்க."

"தெரிஞ்சும் என் மகள்கிட்ட ஏன் சொல்லல?"

அப்போதுதான் கையிலிருந்த துணியை வாளியில் போட்டாள். "சொன்னா யாரு நம்புவா? அப்பன் சொல்றத நம்புமா, கூலிக்கு வந்தவ சொல்றத நம்புமா? நீங்க சொல்வீங்கன்னு நின்னேன். எவ்வளவு நேரம் நின்னேன் தெரியுமா? அந்தப் படத்த மடிச்சீங்க, மடிச்சீங்க, மடிச்சிட்டே இருந்தீங்க."

என்ன சொல்ல? மன்னிச்சிடும்மா என்றேன். கை கூப்பினேனா? கூப்பினேன் என்று நினைக்கிறேன்.

"எங்கிட்ட எதுக்குக் கும்பிடு? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க. உங்க மக, ஆள் அனுப்புற அம்மா, சாயங்காலம் நான் போயிட்டிருந்த வீடு. அவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. போன்ல இல்ல."

"மகள் வெளியூர்ல..."

"அப்ப அது ஒன்னுக்கு போன்."

நான் திரும்பி நடக்கும்போது கேட்டாள். "அக்கா சாப்பிடுதா?"

"சாப்பிடறா."

"சிரிக்குதா?"

அவள் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 31, திங்கள்

ஆள் அனுப்புகிற அம்மா வீட்டு வாசலில் நாலைந்து பெண்கள் வேலைக்காகக் காத்திருந்தார்கள். உள்ளே வரச் சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. "என்ன விஷயம், இங்கேயே சொல்லுங்க" என்றார். சொன்னேன். அத்தனை பெண்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும், "அதானே பாத்தேன்" என்றாள்.

அடுத்து, சாயங்கால வீடு. அங்கே படுக்கையில் இருப்பவர் ஓய்வுபெற்ற வாத்தியார். அவர் மருமகள் கதவைப் பாதி திறந்துகொண்டு கேட்டாள். முழுக்கக் கேட்டுவிட்டு, "இத இப்ப வந்து சொல்றீங்களே, எங்க மாமனாருக்கு மூனு வாரமா ஆளில்லாம நாங்க பட்ட பாடு தெரியுமா?" என்றாள். தெரியாது. என் பொய் அவ்வளவு தூரம் நடந்து அந்தக் கிழவர் கட்டில்வரை போயிருக்கிறது என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

மகளுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

மகளுக்குச் சொன்னேன்.

முதலில் நம்பவில்லை. பிறகு நீளமாக ஒரு மூச்சு. "கை வழுக்கிடுச்சாப்பா?" என்று கேட்டாள். குரல் எவ்வளவு இறங்கிவந்தது! ஆமாம் என்று நான் சொல்லிவிட வேண்டும் என்று அவள் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

"இல்லம்மா. விட்டுட்டேன்."

போனில் அவள் இருக்கிற இடத்துச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ எதற்கோ சிரித்தார்கள். "நான் அவங்கள நிக்க வெச்சு..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். "நான் அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 5, சனி

மகள் பேசவில்லை. வாயாடிக்கு மட்டும் போன் செய்து அழுதாளாம். பயிற்சிப் பெண் சொன்னாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மகளிடமிருந்து ஒரு செய்தி. ஒரே வரி. "அம்மாகிட்டச் சொன்னீங்களா?"

எல்லோரிடமும் போய்ச் சொன்னேன். வாசல் வாசலாக ஏறி இறங்கினேன். பெரிய காரியம் செய்கிற மாதிரிகூட நடுவில் ஒரு நினைப்பு வந்தது. விழுந்தவள் வீட்டிலேயே இருக்கிறாள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மதியம் கட்டிலோரம் உட்கார்ந்தேன். "அன்னைக்கு என் கை வழுக்கல. நானாத்தான் விட்டேன். உன்மேல கோவப்பட்டு விட்டேன். அப்புறம் பொய் சொன்னேன். உனக்குப் பேச வராதுங்கற தைரியத்துல சொன்னேன்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்வரை அது எனக்கே தெரிந்திருக்கவில்லை.

இவள் என்னைப் பார்த்தாள். சுவரை இல்லை, என்னை. ரொம்ப நேரம். இடது கையை உயர்த்தினாள். அடிக்கட்டும் என்று கிட்டே போனேன். அடிக்கவில்லை. கையை வாசல் பக்கம் நீட்டினாள்.

"போ."

வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவள் கூப்பிடவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, சாப்பாட்டு வேளை என்பதால் நானாகவே உள்ளே போனேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வாயாடி வந்துவிட்டாள். காலை மட்டும். மகள் கேட்டுக்கொண்டாளாம். வாத்தியார் வீட்டிலும் சாயங்காலம் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வாசலிலேயே சொல்லிவிட்டாள்: "அக்காவுக்காக வரேன். காலைல நான் வராம நீங்க தனியாத் தூக்கக் கூடாது. நேரமானா நேரமாகட்டும், நனைஞ்சா நனையட்டும். சரியா, மேஸ்திரி?"

சரி என்றேன்.

அண்ணே என்று கூப்பிடவில்லை. கிளம்பும்வரை கூப்பிடவில்லை. கவனித்துக்கொண்டே இருந்தேன்.

உள்ளே போனதும் சட்டத்தை அண்ணாந்து பார்த்து, "என்னக்கா, உனக்குத் தூக்குமேடை கட்டி வெச்சிருக்காரு!" என்றாள். இவள் சிரித்தாள். நான் அடுக்களையில் நின்று கேட்டேன். உள்ளே போகத் தோன்றவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

வேலைக்குத் திரும்பினேன். வாயாடி போனதும் பக்கத்து வீட்டுப் பெண் இவளோடு இருக்கிறாள். தண்ணீர்த் தொட்டி, ஒன்றேகால் டன். புது ஆள் ஒருவனிடம் கட்டை, "எங்க மேஸ்திரி ஒரு சரக்கக்கூட..." என்று ஆரம்பித்தான். "அதச் சொல்லாதடா இனிமே" என்றேன். ஏன் என்று பார்த்தான். எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகு அவனிடம் மட்டும் சொன்னேன். காது கொடுத்துக் கேட்டான். பிறகு வெகுநேரம் சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அது சுத்தமாகத்தான் இருந்தது.

மே 3, சனி

மகள் வந்தாள். மூன்று நாள் இருப்பாளாம். என்னோடு பேசுகிறாள், மருந்து எங்கே, பால் வந்ததா என்கிற அளவுக்கு. நான் அம்மாவின் பக்கத்தில் போகும்போதெல்லாம் அவள் கண் என் கையில்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

மே 5, திங்கள்

காலை எட்டு மணி. துணியை இவளுக்கு அடியில் விரித்து, கொக்கி மாட்டி, இடுப்புப் பெல்ட்டையும் மாட்டியாயிற்று. வாயாடி கால்மாட்டில், மகள் தலைமாட்டில். நான் கைச்சங்கிலியை எடுத்தேன்.

இவள் இடது கையை நீட்டி அதே சங்கிலியைப் பிடித்தாள். முதலில் பயத்தில் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். என் கையைத் தட்டிவிட்டாள். "போ" என்றாள்.

விட்டுவிட்டேன்.

இழுத்தாள். ஒரு டிக். மறுபடி மேலே எட்டிப் பிடித்து இழுத்தாள். டிக். அரை டன் செயின் பிளாக்குக்கு இவள் எடை ஒன்றுமே இல்லை, நாலைந்து கிலோ இழுவை இருந்தால் ஏறிவிடும். எனக்குத் தெரியாத கணக்கா? ஆனால் அந்த நாலைந்து கிலோவை இவள் இழுப்பாள் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஒரு சாண் தூக்கக் கைச்சங்கிலி எவ்வளவோ ஓட வேண்டும். ஆறு இழுப்பில் கை ஓய்ந்து தொங்கிவிட்டது. மகள், "அப்பா, நீங்க இழுங்க, பாவம்" என்றாள். நான் சங்கிலியை நோக்கி நகர்ந்தேன். "இல்ல" என்றாள் இவள். அந்தரத்தில் தொங்கியபடியே இளைப்பாறினாள். கண் திறந்துதான் இருந்தது. பிறகு மறுபடி இழுத்தாள். வாயாடியும் மகளும் பக்கவாட்டில் உருட்ட, சங்கிலியின் மறுபக்கத்தை இழுத்து அவளே இறங்கினாள்.

நாற்காலியில் உட்காருவதற்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. வியர்த்துக் கொட்டியது அவளுக்கு. வாயாடி முந்தானையால் துடைத்துவிட்டாள். மகள் அழுதுகொண்டிருந்தாள். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. என் கையை நம்ப முடியாமல்தானே அவள் கை இந்த வேலையைக் கற்றுக்கொண்டது? சந்தோஷப்பட எனக்கென்ன பாத்தியதை?

லாரிக்கு நேரமாகிவிட்டது. கட்டை இரண்டு தடவை போன் செய்துவிட்டான். வரட்டும் என்று விட்டுவிட்டேன். இத்தனை நாளும் கைச்சங்கிலி நான் நிற்கிற பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. நாற்காலி போட்டு ஏறி, செயின் பிளாக்கைத் திருப்பி மாட்டி, அதை அவள் இடது கைப் பக்கம் தொங்கவிட்டேன். எட்டுகிறதா என்று கேட்டேன். பிடித்துப் பார்த்தாள். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் என்று விரலால் காட்டினாள். நகர்த்தினேன்.